பொறுமை எண் தொண்ணூற்றேழு

பெருநகரத்திலேயே பொறுமையான பயணி நான்தானாம். ஆணையத்திலிருந்து கடிதம் வந்தபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டாவது தடவை படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"திருமதி பி. சகாயமேரி, பெரும்பாக்கம் குடியிருப்பு. தங்கள் பொறுமை எண் 97. கடந்த ஐந்து ஆண்டுகளில் தங்களிடமிருந்து ஒரு புகார்கூட வந்ததில்லை. வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தங்கள் குடியிருப்பு நிறுத்தத்திலேயே பாராட்டு விழா. பொன்னாடை அணிவித்து நினைவுப் பரிசு வழங்குபவர், ஆணையத்தின் தலைமை வடிவமைப்பாளர் முனைவர் தேவசேனாபதி."

ஒரு புகார்கூட வந்ததில்லையாம். என் வீட்டுக்காரர் பிலவேந்திரன் செத்ததற்குக் காரணம் கேட்டு அந்த ஆபீசுக்கு ஏழு தடவை நடந்திருக்கிறேன். ஏழு தடவையும் "தகவல் பெற வந்தவர்" என்று எழுதிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சொந்தக் கார், பைக், ஆட்டோ எல்லாவற்றையும் சாலையிலிருந்து ஒழித்துப் பத்து வருடம் ஆகிறது. ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் போக, மற்றதெல்லாம் ஆணையத்தின் ஆளில்லா வண்டிதான். டிரைவர் கிடையாது, கண்டக்டர் கிடையாது. கையில் ஒரு நீலக் கார்டு. நிறுத்தத்துக் கம்பம் அதைத் தூரத்திலிருந்தே படித்துக்கொள்ளும். வண்டி வந்தால் வாசல் பெட்டியில் தட்ட வேண்டும். பச்சை எரிந்தால் ஏறலாம். சிவப்பு எரிந்தால் "காத்திருக்கவும்" என்று ஒரு பெண்குரல் தேனாகச் சொல்லும். எனக்கு எப்போதும் தேன்தான். ஷெனாய் நகரில் பல் செட் செய்யும் பட்டறையில் பல்லுக்கு மெருகு போடுவது என் வேலை. பெரும்பாக்கத்தில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் ஒன்பதுக்குப் போய்ச் சேர முடியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று பிலவேந்திரன் ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் கிளம்பினார். மேடவாக்கம் கூட்ரோட்டில் வண்டி மாற வேண்டும். அந்த நிறுத்தத்து பெஞ்சில் மூன்று மணி நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வண்டிகள் வந்தன. பத்தொன்பதும் சிவப்பு. இருபதாவது வண்டிக்கு அவர் எழுந்திருக்கவில்லை. ஆணையம் எனக்குத் தந்த அறிக்கை ஒரே பக்கம். அதில் ஒரு வரி எனக்கு மனப்பாடம்: "பயணி கடைசிவரை அமைதியாகக் காத்திருந்தார்." கீழே கையெழுத்து, தேவசேனாபதி.

அந்த ஆள் எனக்குப் பொன்னாடை போர்த்த வருகிறாராம். வரட்டும் என்று இருந்தேன். அவரை அதே பெஞ்சில் அதே மூன்று மணி நாற்பது நிமிடம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதற்கு வழி எங்கள் வண்டியிலேயே இருந்தது. எங்கள் குடியிருப்பிலிருந்து கிளம்பும் வண்டியில் மட்டும் பச்சை, சிவப்பு பார்ப்பதில்லை. அதுதான் முதல் நிறுத்தம் என்பதால் எல்லோரையும் அடைத்துக்கொண்டு போய்க் கூட்ரோட்டில் கொட்டிவிடும். கார்டு தட்டும் பெட்டி முன்வாசலில் ஒன்றே ஒன்று. பின்வாசலில் தொங்குகிறவன் அங்கே எப்படிப் போவான்? பழைய பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை கைமாறிப் போகுமே, அதே மாதிரி கார்டு போகும். "தட்டிக் குடுங்க" என்று ஒரு குரல். நாற்பது கை தாண்டி முன்னால் போய், தட்டி, நாற்பது கை தாண்டித் திரும்பி வரும். இத்தனை வருடத்தில் ஒரு கார்டு தொலைந்ததில்லை, மாறியதில்லை. அதில் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு.

இது முனைவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. அவருடைய பொறுமை எண் மூன்று என்று பேட்டிகளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவர் ஏறிய வண்டிகளில் எப்போதும் உட்கார இடம் இருந்திருக்கும். கார்டை அவனவன் கையால்தான் தட்டுவான் என்று நம்பி, அந்தரங்கத்தை மதிக்கிறோம் என்று பீற்றிக்கொண்டு, கார்டில் பெயரும் போடவில்லை, படமும் போடவில்லை. என் கார்டும் அவர் கார்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, மைக் கட்டியிருந்தார்கள். தேவசேனாபதி நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. "காத்திருக்கத் தெரிந்த இந்த மாதிரி மனிதர்களால்தான் நம் நகரம் ஓடிக்கொண்டிருக்கிறது" என்றார். கைதட்டினார்கள். எனக்குப் பரிசாகக் கொடுத்தது ஒரு சுவர்க்கடிகாரம். வருடம் முழுக்க நிற்கவைத்துவிட்டு எவ்வளவு நேரம் நின்றாய் என்று பார்த்துக்கொள்ளக் கடிகாரம் கொடுக்கிறான்கள் பாருங்கள்.

ஆணையத்தின் விளம்பரப் பெண் ஒருத்தி பரபரத்துக்கொண்டிருந்தாள். "சீக்கிரம் முடிக்கணும்மா. சாரோட பொண்ணுக்கு இன்னைக்கு நிச்சயதார்த்தம். அண்ணா நகர்ல. மூணுலேர்ந்து நாலரைக்குள்ள தட்டு மாத்தணும்" என்றாள். எனக்குத் தெரியாத செய்தி. தெரிந்த பிறகும் நான் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டேகாலுக்கு வண்டி வந்தது. "மக்களோடு மக்களா சார் ஏறுற மாதிரி ஒரு படம்" என்று அந்தப் பெண் அவரைப் பின்வாசலில் ஏற்றினாள். நான் முன்வாசலில் ஏறிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். வண்டி நிறைந்து பிதுங்கியது. முனைவர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"என்ன சார் முழிக்கிறீங்க? குடுங்க, தட்டிக் குடுப்போம்" என்று யாரோ சொன்னார்கள்.

"ஓ! இப்படித்தான் பண்ணுவீங்களா? பிரமாதம்!" என்று குழந்தை மாதிரி சிரித்துக் கொடுத்துவிட்டார்.

கார்டு கைகள் வழியாக வந்தது. கடைசிக் கை ஷகிலாக்காவுடையது. எதிர் பிளாக்கில் இருக்கிறவள், கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை செய்கிறவள். இருபது வருடமாக நாங்கள் ஒன்றாகப் பயணம் செய்கிறோம். அவள் கையிலிருந்து வாங்கித் தட்டினேன். என் கார்டையும் தட்டினேன். திருப்பிக் கொடுத்தது என்னுடையதை. ஷகிலாக்கா பார்த்துவிட்டாள். என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிலவேந்திரன் உடலைக் குளிப்பாட்டியபோது தண்ணீர் சுமந்தவள் அவள். ஒன்றும் சொல்லாமல் கார்டைப் பின்னால் நகர்த்தினாள். அவருடைய கார்டை என் பையிலிருந்த எவர்சில்வர் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினேன். எவர்சில்வருக்குள் போய்விட்டால் கம்பத்துக்குக் கண் தெரியாது. இது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அந்த வழக்கத்தில் நடந்த முதல் திருட்டு என்னுடையது.

பன்னிரண்டு நாற்பதுக்குக் கூட்ரோட்டில் இறங்கினோம். விளம்பரப் பெண்ணுக்கும் போட்டோகிராபருக்கும் உடனே வண்டி வந்துவிட்டது. "உங்க வண்டி பின்னாடியே வந்துடும் சார்" என்று போய்விட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் வண்டி வந்தது. முனைவர் தட்டினார். சிவப்பு. "காத்திருக்கவும்."

அவர் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். இரண்டாவது வண்டிக்குச் சிரிக்கவில்லை. மூன்றாவது வண்டியில் சிவப்பு எரிந்தும் ஏறி நின்றுகொண்டார். அதிகமாக ஓர் ஆள் ஏறினால் வண்டி நகராது.

"யோவ் பெரியவரே, எறங்குய்யா! உன் ஒருத்தனுக்காக நாங்க நிக்கணுமா?"

"நான் யார் தெரியுமா? இந்த வண்டியை வடிவமைச்சதே நான்தான்."

"அப்ப உனக்குத் தெரியாதா செவப்புன்னா எறங்கணும்னு?"

இறங்கினார். பக்கத்து மெட்ரோவுக்கு ஓடினார். அங்கேயும் அதே கார்டு, அதே குரல். வேர்த்துப்போய்த் திரும்பி வந்து ஆபீசுக்குப் போன் போட்டார். மறுமுனையில் ஒரு பெண் பேசியது எனக்கும் கேட்டது.

"உங்க கார்டு எங்கயுமே தெரியல சார். ஒருவேளை கெட்டுப்போயிருக்கும். புதுசு நாளைக்குத்தான் சார் போட முடியும்."

"கையால ஒரு வண்டி அனுப்பும்மா."

"அந்த வசதியை நீங்கதான சார் எடுக்கச் சொன்னீங்க? மந்திரி கேட்டாக்கூட முடியக்கூடாது, சிபாரிசே செல்லக்கூடாதுன்னு."

போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மணி ஒன்றே முக்கால்.

"நீங்க இன்னும் போகலியாம்மா?" என்றார்.

"எனக்கு எப்ப சார் உடனே வந்திருக்கு?"

"சாதாரணமா எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒரு மணி, ஒன்றரை மணி. மழைன்னா அது இஷ்டம்."

"அவ்வளவு நேரமா? எங்க கணக்குல சராசரி பதினோரு நிமிஷம்தானே?"

"அந்தச் சராசரியில உங்களையும் சேத்திருப்பீங்க சார்."

இன்னொரு வண்டி வந்தது. எழுந்து ஓடினார், சிவப்பு, திரும்பி வந்தார். நான் கேட்டேன், "சார், எனக்கு ஒண்ணு வெளங்கணும். இந்த எண் கூடினா என்ன ஆகும்?"

வேறொரு நாளாக இருந்தால் மேடையில் சொன்னதையே சொல்லியிருப்பார். அன்றைக்கு அலுத்துப்போயிருந்தார்.

"வண்டி எல்லாருக்கும் போதாதும்மா. யாரையாவது நிக்க வெச்சுத்தான் ஆகணும். யாரை நிக்க வெச்சாத் தாங்குவாங்கன்னு கண்டுபிடிக்கணும். கம்பத்துல காது இருக்கு, பெஞ்சுல எடை பாக்குது. யாரு திட்டுறாங்க, யாரு நடக்குறாங்க, யாரு விட்டுட்டுப் போயிடுறாங்க, எல்லாத்தையும் பாக்கும். தாங்க முடியாதவங்களோட எண் குறையும், அவங்க முதல்ல போவாங்க. அமைதியா இருக்கறவங்களுக்குக் கூடும்."

"கூடினா இன்னும் நிக்கணும்."

"ம்."

"தாங்க முடியாதவங்களா சார் முதல்ல போறாங்க? தாங்க வேண்டிய அவசியமே இல்லாதவங்க இல்ல?"

முனைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க ஏம்மா ஒரு தடவைகூடக் கத்தல?" என்றார். கேட்டது நிஜமான ஆச்சரியத்தோடுதான்.

"யாரப் பாத்துக் கத்துறது? உள்ள டிரைவர் இருக்கானா? வண்டியத் தட்டினா குத்தம்னு போர்டு போட்டிருக்கீங்க. எங்க ஷகிலாக்கா தம்பி ஒருநாள் கண்ணாடியத் தட்டிட்டான். மூணு நாள் ஸ்டேஷன்ல வெச்சு அடிச்சாங்க."

இரண்டரைக்கு அவர் மனைவி கூப்பிட்டார். மூன்றுக்கு மகள். அதன்பிறகு அவருக்குக் கட்டு விட்டுப்போயிற்று. வந்த வண்டியைக் கையால் அடித்தார், காலால் உதைத்தார். தொண்டை கிழியக் கத்தினார். கம்பத்தை உலுக்கி, அதைப் போட்டவனையே கெட்ட வார்த்தையில் திட்டினார், தன்னைத்தான் திட்டிக்கொள்கிறோம் என்ற நினைவுகூட இல்லாமல். ஒரு போலீஸ்காரர் லத்தியோடு ஓடி வந்தார். முகத்தைப் பார்த்ததும், "சார், நீங்களா!" என்று சல்யூட் அடித்து, குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். ஷகிலாக்கா தம்பிக்கு இன்னும் இடது காது சரியாகக் கேட்காது.

"இவ்வளவு கத்தியும் வண்டி வரலியே சார்?" என்றேன். குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"எண் அன்னைக்கே மாறாதும்மா. ராத்திரிதான் கணக்குப் போடும். உடனே மாத்தினா எல்லாரும் கத்தியே ஏறிடுவாங்கன்னு நான்தான் அப்படி வெச்சேன்" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டார்.

நாலு மணிக்கு மறுபடியும் மகள் கூப்பிட்டாள். "அப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் எழுந்துக்கறாங்க. நேரம் போயிடும்னு சொல்றாங்க. சித்தப்பாவை வெச்சுத் தட்டு மாத்தவா?" பின்னால் மேளச் சத்தம் கேட்டது. "மாத்தும்மா" என்றார். போனை வைத்துவிட்டு அழுதார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்த கல் கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது.

நாலு இருபதுக்கு டப்பாவைத் திறந்து அவர் கார்டை எடுத்து நீட்டினேன்.

"இதுதான் சார் உங்களோடது. உங்ககிட்ட இருக்கறது என்னோடது. வண்டியில மாத்திட்டேன்."

தன்னிடம் இருந்ததையும் நான் நீட்டியதையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன்?"

"மூணு வருஷம் முன்னாடி, இந்த பெஞ்சுல, நீங்க இப்ப உக்காந்திருக்கற எடத்துல என் வீட்டுக்காரர் செத்தாரு. பிலவேந்திரன். மூணு மணி நாப்பது நிமிஷம். ரிப்போர்ட்ல நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவர் யோசித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்கு ஞாபகமே இல்லை. என் கணவரைத் தின்றுவிட்டு இந்த மனுஷன் பெயரைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

"என் பொண்ணு உங்களுக்கு என்னம்மா பண்ணினா?" என்றார் கடைசியில்.

"என் வீட்டுக்காரர் உங்களுக்கு என்ன பண்ணினாரு?"

கார்டைப் பிடுங்கிக்கொண்டார். என்னுடையதைக் கீழே போட்டார். இரண்டே நிமிடத்தில் வண்டி வந்து அவர் காலடியில் நின்றது. நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் இன்னும் ஆறு பேரும் இருந்தார்கள். எல்லோருக்கும் சிவப்பு. அவருக்குப் பச்சை. திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனார். போலீசுக்குப் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். கார்டைப் பிறர் கையில் கொடுக்கக் கூடாது என்பது ஆணையத்தின் முதல் விதி. எழுதியது அவர்.

அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஷகிலாக்காவும் நானும் மற்றவர்களும் கூட்ரோட்டில் இறங்கினோம். ஷகிலாக்கா பதற்றத்தில் இருந்தாள். சமையல்கட்டில் அவளுக்கு இரண்டு தடவை எச்சரிக்கை கொடுத்தாகிவிட்டது. இன்னொரு நாள் தாமதமானால் வேலை இல்லை. நேற்று என்ன நடந்தது என்றுகூட அவள் கேட்கவில்லை. பெஞ்சில் உட்காரப் போனேன். அதற்குள் ஒரு வண்டி வந்து எனக்கு நேராக நின்றது.

தட்டிப் பார்த்தேன். பச்சை.

போனை எடுத்துப் பார்த்தேன். பொறுமை எண் நான்கு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நேற்று முனைவர் திட்டியது, உதைத்தது, அழுதது எல்லாம் என் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு. பத்து வருடமாக நான் போடாத கூச்சலை எனக்காக அவர் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பிலவேந்திரனும் ஒரே ஒருநாள் இப்படி உதைத்திருந்தால், லத்தி அடியோடு உயிராவது மிஞ்சியிருக்கும்.

ஷகிலாக்கா எனக்குப் பின்னால் வந்து தட்டினாள். சிவப்பு.

"ஏய், உனக்கு எப்படிடி பச்ச?" என்றாள். பிறகு, "சரி, எப்படியோ இருக்கட்டும். உன் கார்ட எனக்குக் குடு. இன்னிக்கு மட்டும். எனக்கு வேலையே போயிடும் மேரி" என்று கையை நீட்டினாள்.

நேற்று ஒரு கார்டை என்னிடம் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருந்த கை அது. கொடுத்திருக்க வேண்டும். ஆனால் காலியாக ஒரு சீட் தெரிந்தது. ஜன்னலோர சீட். இந்த ஊரில் இத்தனை வருடத்தில் நான் உட்கார்ந்து போனதே இல்லை.

"நாளைக்குத் தர்றேன்க்கா" என்றேன். கதவு மூடிக்கொண்டது.

சீட்டுக்கு எதிரே ஒரு சின்னத் திரை இருந்தது. அப்படி ஒன்று வண்டியில் இருப்பதே எனக்குத் தெரியாது, உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும் போல. "தங்கள் வசதிக்காகத் தவிர்க்கப்படும் நிறுத்தங்கள்: ஒன்பது" என்று அதில் எழுத்து ஓடியது. ஒவ்வொன்றாக வந்து போயின. ஒன்பது பெஞ்சுகளிலும் ஆட்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். வண்டியை நிறுத்தும் பொத்தான் என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

ஷெனாய் நகருக்கு ஏழு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். பட்டறையை ஒன்பதுக்குத்தான் திறப்பார்கள்.